பெயர் சாம்பார்தான்

விலைவாசி பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் "எல்லாம் ஏறிப்போச்சு, எதையும் வாங்க முடியல" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் எதையும் வாங்காமல் விட்டதாகத் தெரியவில்லை. சாம்பார் கொதிக்கிறது, காலையில் காபி வாசம் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டம் நிற்கிறது. அப்புறம் எப்படித்தான் சமாளிக்கிறோம் என்று யோசித்தால், பெயரைத் தொடாமல் உள்ளே இருப்பதை மாற்றிக்கொண்டே போகிறோம். ஒரு டம்ளர் துவரம்பருப்பு போட்ட இடத்தில் முக்கால் டம்ளர் போட்டு, கூடவே ஒரு துண்டு அரசாணிக்காயை, அதாவது மஞ்சள் பூசணியை, வேகவைத்து மசித்துவிட்டால் சாம்பார் கெட்டியாகத்தான் இருக்கும், லேசாக இனிக்கும், கேட்டால் "இன்னைக்கு வெல்லம் கொஞ்சம் கூடிருச்சு" என்று சொல்லிவிடலாம். பெயர் சாம்பார்தான்.

இதை வீட்டுப் பெண்கள் மட்டும் செய்வதில்லை. ரைஸ் மில் செய்கிறது, பிஸ்கட் கம்பெனி செய்கிறது, ஹோட்டல் செய்கிறது, அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்கிறது.

அரிசி மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக நமக்கு மூட்டை என்றால் 25 கிலோ சிப்பம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதற்கு மேல் எடை இருந்தால் வரி கிடையாது. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்துவிட்டது. காங்கேயம் பக்கத்து மில்காரர்களின் புத்தியைப் பாராட்டத்தான் வேண்டும், சட்டம் எங்கே முடிகிறதோ அதற்கு ஒரு கிலோ அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். நமக்கும் லாபம்தான். ஆனால் இதில் ஒரு விஷயம் யாரும் பேசுவதில்லை: 26 கிலோவை மொத்தமாக வாங்க முடிந்தவருக்கு வரி இல்லை, மாதம் 5 கிலோ பாக்கெட், 10 கிலோ பாக்கெட் என்று வாங்குகிறவர் வரி கட்டுகிறார். கையில் ஒரே தடவையில் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு இருப்பவருக்குத்தான் சலுகை. விலை ஏற ஏற மொத்தமாக வாங்கும் சக்தி குறைந்து சின்ன பாக்கெட்டுக்கு இறங்குகிறோம், சின்ன பாக்கெட்டில் கிலோ விலை அதிகம், ஆக மிச்சம் பிடிக்கப் போய் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

எங்கள் வீட்டில் பெரிய விஷயம் காபி. கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பல வருடமாக ஒரே கடையில்தான் தூள் அரைத்து வாங்குகிறோம். காபிக் கொட்டையில் பீபெரி ரகம் பாதி, பிளாண்டேஷன் ஏ ரகம் பாதி, அதில் கலக்கும் சிக்கரி எத்தனை என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. கடைக்காரர் அரைத்து முடித்ததும் காகிதக் கவரின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் 70/30 என்று, அதாவது காபி எழுபது சிக்கரி முப்பது என்று எழுதி, மூலையை மடித்துப் பின் அடித்துக் கொடுப்பார். நாங்கள் ரொம்ப காலம் 80/20 வீடு. மாமனார் இருந்தவரை சிக்கரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது, அவர் குடித்தது சுத்தக் காபி. அவருக்குப் பின் 80/20, அப்புறம் 70/30, போன வருடம் 60/40. கடைக்காரரே வழி காட்டினார்: "அக்கா, அறுபது நாப்பது போட்டுரட்டுங்களா? இப்ப நெறைய பேரு அதுதான் கேக்கறாங்க." கேட்கும்போதே எனக்கு ஒரு கூச்சம், பின்னால் நிற்பவர் காதில் விழுந்திருக்குமோ என்று. சட்டப்படி காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அதைக் காபி-சிக்கரித் தூள் என்றே விற்க முடியாது. ஆக இன்னும் ஒன்பது சதவீதம் இறங்க எங்களுக்கு இடம் இருக்கிறது.

சிக்கரி என்பது ஒரு கிழங்கு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது, வறுத்துப் பொடி செய்கிறார்கள். அதில் காபி ஒரு துளி கிடையாது, ஆனால் டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் அதுதான் கொடுக்கும். அதனால் சிக்கரி கூடிய தூளில் மிச்சம் இரண்டு வழியில் வருகிறது: தூளின் விலையும் குறைவு, ஒரு டம்ளருக்குப் போடும் அளவும் குறைவு. என்ன, ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும், ஆறு மணிக்குக் காபி வேண்டும் என்றால் ஐந்தேகாலுக்கே வெந்நீர் ஊற்ற வேண்டும். நாக்கு முதல் வாரம் முணுமுணுக்கும். அப்புறம் பழகிவிடும், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போன மாதம் அக்கா வீட்டில் 80/20 காபி குடித்தபோது என் வீட்டுக்காரர் "என்ன இது தண்ணியா இருக்கு" என்றார்.

நம்ம காபி குடகிலும் சிக்மகளூரிலும் ஏற்காட்டிலும் விளைகிறது, இதற்கு ஏன் இப்படி ஏற வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருப்பார். இந்தியாவில் விளைவதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏற்றுமதி ஆகிறது. அதனால் குடகு விவசாயிக்குக் கிடைக்கும் விலையை லண்டனும் நியூயார்க்கும் தீர்மானிக்கின்றன. வியட்நாமில் வறட்சி, பிறகு 2024-இல் பிரேசிலில் வறட்சி. உலகத்தில் காபி அதிகம் விளைகிற முதல் இரண்டு நாடுகளும் அவைதான். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ஒரு பவுண்டு 4 டாலரை முதல் முறையாகத் தாண்டியது. இங்கே 2022-இல் கிலோ ஐந்நூற்றுச் சொச்சத்துக்கு வாங்கிய தூள் அப்போது தொள்ளாயிரத்துக்கு மேல் போனது. எஸ்டேட்காரர்கள் பல வருடம் விலை இல்லாமல் தவித்தவர்கள், அவர்களுக்கு நல்ல காலம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் எல்லாம் என் டம்ளரைப் பற்றி மட்டும்தான்.

விலை ஏறிய பிறகு எங்கள் சமையலறையில் இரண்டு காபித்தூள் பாத்திரங்கள். தினசரித் தூள் எவர்சில்வர் டப்பாவில். மேல் தட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் 100 கிராம் 80/20, அது விருந்தாளிக்கு. ரப்பர் பேண்ட் போட்டு, மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் தாளும் வைத்து இறுக்கி மூடியிருப்பார் அத்தை. சம்பந்தி வீட்டார் வந்தால் அதுதான். மின்சார ரீடிங் எடுக்க வருபவருக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் டப்பாத் தூள். யாருக்கு எந்தத் தூள் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார், "அந்தப் பாட்டிலை எடும்மா" என்றால் வந்திருப்பவர் முக்கியமானவர். முன்பெல்லாம் இரண்டாம் டிகாக்ஷனைச் சிங்க்கில் கொட்டுவோம், இப்போது சாயங்காலக் காபி அதில்தான். அரைக் கிலோ வாங்கியது போய் வாரம் 150 கிராம் வாங்குகிறோம், இது மட்டும் உண்மையிலேயே நல்ல மாற்றம், தூள் வாசனை போகாமல் இருக்கிறது.

பாலிலும் இதே கதைதான். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், மாத அட்டை இல்லாதவர்களுக்கு, அரை லிட்டர் 24-இலிருந்து 30 ரூபாய் ஆனது. ஒரே நாளில் ஆறு ரூபாய். பாதித் தெரு விலை குறைந்த பச்சை பாக்கெட்டுக்கு மாறியது. அடுத்த வருடக் கடைசியில் ஊதா நிற பாக்கெட் ஒன்று வந்தது. பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஊதாவில் 3.5, விலை மட்டும் அதே லிட்டர் 44 ரூபாய். விலை ஏறவில்லை என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. நாங்கள் பருப்பைக் குறைத்து அரசாணிக்காயைப் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை, நாங்கள் பாக்கெட் நிறத்தை மாற்றவில்லை, அவ்வளவுதான்.

தக்காளியை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது பெரிய கலவரமாக இருந்தது, சென்னையில் ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது, வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் பர்கரிலிருந்து தக்காளியையே எடுத்துவிட்டன. நாங்கள் புளி ரசம், மோர்க்குழம்பு, கொள்ளு ரசம் என்று ஓட்டினோம். இரண்டு மாதத்தில் விலை விழுந்தது, எல்லோரும் தக்காளி சாதத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஏறி இறங்கும் பொருளுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும். பழக்கத்தை மாற்றுவது ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் பொருள்தான்: காபி, பால், தேங்காய், எண்ணெய்.

தேங்காயைச் சொல்லாமல் கோயம்புத்தூரில் விலைவாசி பேச முடியாது. பக்கத்திலேயே பொள்ளாச்சி, கொப்பரைக்கும் எண்ணெய்க்கும் காங்கேயம், இங்கே தேங்காய்க்குப் பஞ்சம் என்று பத்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வெள்ளை ஈ, வேர் வாடல் நோய், நடுவில் மழை இல்லாத வருடம், போதாததற்கு இளநீராகவே வெட்டி வெளியூருக்கு ஏற்றிவிடுவது, எல்லாம் சேர்ந்து 2025-இல் தேங்காய் விலை எகிறியது. கேரளாவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாய்க்கு மேல் போனது. நோய் பிடித்த மரங்களை வெட்டிவிட்டு வேறு வைக்கலாமா என்று யோசிக்கிற தோட்டக்காரர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். புதுக்கன்று காய்க்கப் பல வருடம் ஆகும், அதனால் இது அடுத்த பொங்கலுக்குள் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை.

சட்னியில்தான் இது முதலில் தெரிந்தது. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை துணைக்கு வந்தது போய், பொட்டுக்கடலைச் சட்னியில் தேங்காய் துணைக்கு வர ஆரம்பித்தது. ஹோட்டலில் இன்னும் கெட்டிக்காரத்தனம், தேங்காய்ச் சட்னி என்று சொல்வதையே விட்டுவிட்டு "வெள்ளைச் சட்னி" என்கிறார்கள், நிறத்துக்கு மட்டும் உத்தரவாதம். வீட்டில் பொரியலுக்குத் தேங்காய்ப்பூ தூவுவது நின்றுபோய் நாளாகிறது. முழுத் தேங்காய் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்த நாங்கள் இப்போது வெள்ளிக்கிழமை கோயிலில் உடைத்த இரண்டு மூடியை வைத்து திங்கள்வரை ஓட்டுகிறோம். பக்தி கூடியிருக்கிறதா என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

பருப்பில் நடந்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். 2023-இல் மழை சரியில்லாமல் துவரை விளைச்சல் குறைந்து, அதற்கடுத்த வருடம் துவரம்பருப்பு கிலோ 160, 180 என்று நின்றது. ரேஷன் கடையில் அதே துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எங்கள் அபார்ட்மெண்டில் முக்கால்வாசிப் பேர் ரேஷன் பொருளை வாங்குவதில்லை, கார்டை வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்து "நீங்க வாங்கிக்கங்க" என்று சொல்லிவிடுவது வழக்கம். சரியோ தப்போ, பல வருடமாக அப்படித்தான் நடந்தது. பருப்பு 180-க்குப் போன பிறகு ஒவ்வொரு வீடாகக் கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "இந்த மாசம் பருப்பு வந்துருச்சா?" என்று லிஃப்டில் விசாரிக்கிறார்கள், முன்பு ரேஷன் பருப்பு வேகாது, கல் இருக்கும் என்று சொன்ன அதே ஆட்கள். அவரவர் கார்டு, அவரவர் உரிமை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நான்கைந்து கார்டில் பருப்பும் பாமாயிலும் வாங்கிக்கொண்டிருந்த அந்த அக்காவுக்கு இப்போது சொந்தக் கார்டில் வருவது மட்டும்தான். சம்பளம் ஏற்றிக் கேட்டபோது "எல்லாருக்கும்தான் விலை ஏறியிருக்கு" என்று ஒரு வீட்டில் பதில் சொன்னார்களாம்.

2025-இல் துவரம்பருப்பு நன்றாகவே இறங்கியது. எங்கள் சாம்பாரில் முக்கால் டம்ளர் மறுபடி ஒரு டம்ளர் ஆகவில்லை. லிஸ்ட் எழுதும்போது நான் ஒரு கிலோ கூடப் போட்டேன், அத்தை அடித்துவிட்டார், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று. அரசாணிக்காய் நிரந்தரமாகிவிட்டது. கூடவே தட்டைப்பயறு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளு எல்லாம் வாரத்தில் இரண்டு நாள் வருகின்றன, அது எனக்குப் பிடித்திருக்கிறது, விலை ஏறாமல் இருந்திருந்தால் பிள்ளைகள் கொள்ளுப் பருப்பைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் வேடிக்கை. பருப்பு ஏறினால் பருப்பை வெட்டுவதில்லை, பழத்தை வெட்டுகிறோம். முதலில் போவது பழம், அப்புறம் நெய், அப்புறம் பாதாம் முந்திரி. வெளியே தெரியாதது முதலில். வெளியே தெரிவது, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஸ்கூலில் கொடுக்கும் சாக்லேட், வாரக் கடைசி பிரியாணி, இதெல்லாம் கடைசிவரை நிற்கும். 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் நகரத்து வீடுகள் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் சாப்பாட்டுக்குப் போகிறது, அதிலும் பெரிய பங்கு அரிசியோ பாலோ இல்லை, பானங்களும் ஹோட்டல் சாப்பாடும் பாக்கெட் தீனியும், மொத்தச் செலவில் 11 சதவீதம். பொரியலில் தேங்காய்ப்பூவை மிச்சம் பிடித்துவிட்டு ராத்திரி போனில் ஆர்டர் போடுகிறோம், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆப் போடும் பிளாட்ஃபார்ம் கட்டணம், 2023-இல் 2 ரூபாயாக நுழைந்தது, 10 ரூபாயைத் தாண்டியதை பில்லில் கவனிப்பதுகூட இல்லை.

எண்ணெய் பாக்கெட்டை மட்டும் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் என்றால் 910 கிராம். அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் அடுக்கில் பக்கத்திலேயே இருக்கும், விலை பத்து இருபது குறைவாக, நாமும் சலுகை என்று எடுத்துக் கூடையில் போடுவோம். விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அதை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். எனக்குக் கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிறது, அது வேறு விஷயம்.

இதையெல்லாம் சொன்னால் "விலைவாசிதான் இறங்கிவிட்டதே" என்று யாராவது செய்தியைக் காட்டுவார்கள். 2025 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் மைனஸ் 5.02 சதவீதம் என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் அது அதற்கு முந்தைய அக்டோபரோடு ஒப்பிட்டது, அந்த மாதத்தில் ஏற்றம் 10.87 சதவீதம். நூறு ரூபாய் நூற்றுப் பதினொன்று ஆகி, அதில் ஐந்து சதவீதம் இறங்கினால் நூற்றைந்தில் நிற்கும், தொண்ணூற்றைந்தில் இல்லை. அதுவும் சராசரி. காய்கறியும் பருப்பும் இறங்கி அந்த எண்ணைக் கீழே இழுத்தன, அதே நேரம் தேங்காய் எண்ணெய் ஏறிப் போயிருந்தது, வருடக் கடைசியில் நாமக்கல் முட்டைகூட பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டியது.

சமைத்து விற்கும் இடத்தில் இறங்குவது என்ற பேச்சே இல்லை. எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் 12 ரூபாய் டீ 15 ஆனது, வடை 10-இலிருந்து 12. முன்பு விலை ஏற்றுவதற்குச் சில்லறை ஒரு தடையாக இருந்தது, 10 ரூபாய் டீயை 12 ஆக்கினால் இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் தேட வேண்டும், அதனால் 15 ஆக்கும்வரை காத்திருப்பார்கள். இப்போது எல்லோரும் போனில் ஸ்கேன் பண்ணுகிறார்கள், 12-ம் சரி, 13-ம் சரி, எந்த எண்ணிலும் நிற்கலாம். ஏற்றம் சின்னச் சின்னதாக வருவதால் நமக்கும் உறைப்பதில்லை. மாஸ்டரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பால், தேயிலை, விலை ஏறிய வணிக சிலிண்டர், வாடகை எல்லாம் அவர் தலையில். ஆபீசில் ஆளுக்கு மூன்று டீ குடித்தவர்கள் இரண்டுக்கு வந்தார்கள், வடை தானாகவே கொஞ்சம் சிறுத்தது. மூன்றாவது டீ நேரமான நாலரை மணிக்கு இப்போது எங்கள் செக்‌ஷனில் ஒருவர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருகிறார், ஐந்து பேர் பகிர்ந்துகொள்கிறோம், முறை வைத்து. அடுத்த வாரம் என் முறை, எந்தத் தூளில் போட்டுக் கொண்டுபோவது என்று அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை.